ரோசால்பாவின் வரைவுத் தாள்கள்

முதுகலை வகுப்பில் ஒருமுறை ரோசால்பா காரியெராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வெனிஸ் நகரத்துக்காரர், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பிய அரண்மனைகள் தேடிவந்த உருவப்பட ஓவியர், திருமணம் செய்துகொள்ளாதவர். பாரிஸின் பெரும் செல்வந்தரும் ஓவியச் சேகரிப்பாளருமான பியேர் குரோசாவுக்கும் அவருக்கும் ஆண்டுக்கணக்கில் கடிதப் போக்குவரத்து இருந்தது என்றேன். குரோசாவும் மணமாகாதவர் என்று சொன்னதுதான் தாமதம், கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது: “அப்ப லவ்வா மேடம்?”

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி உறுத்தத் தொடங்கியது. ஓர் ஆண் ஓவியரும் அவருடைய புரவலரும் எழுதிக்கொண்ட கடிதங்களைப் பற்றிச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் என்ன கேட்டிருப்பாள்? எவ்வளவு பணம் கொடுத்தார், என்னென்ன படம் வரைந்தார் என்று கேட்டிருப்பாள். ரோசால்பாவிடமும் முதலில் கேட்க வேண்டியவை அவைதான்.

காதல் கேள்விக்கு ரோசால்பாவே பதில் எழுதி வைத்திருக்கிறார், குரோசாவுக்கு அல்ல, தன்னை நாடிய வேறொருவருக்கு. தன்னை முழுதாக இழுத்துக்கொள்ளும் தொழிலும், இயல்பிலேயே குளிர்ந்த மனமும் காதலிலிருந்தும் கல்யாண எண்ணத்திலிருந்தும் தன்னைத் தள்ளியே வைத்திருக்கின்றன என்று அந்தக் கடிதத்தில் சொல்கிறார். மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் இல்லை. தொழிலை முதல் காரணமாகவும் மனத்தை இரண்டாவதாகவும் வைத்திருக்கும் அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்தத் தொழில் எப்படி அமைந்தது என்பதைப் பார்த்தால்தான் கடிதங்களின் எடை புரியும். 1673இல் பிறந்தவர். அப்பா குமாஸ்தா. அம்மா லேஸ் பின்னுபவர். ஜொவான்னா, ஆஞ்சலா என்று இரண்டு தங்கைகள். ரோசால்பா மூக்குப்பொடி டப்பிகளின் மூடிக்குத் தந்தத்தில் சிற்றோவியம் தீட்டத் தொடங்கி, அங்கிருந்து பாஸ்டலுக்கு வந்தார். உடையற்ற மனித உடலைப் பார்த்து வரைந்து பழகும் பயிற்சி அன்று பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அந்தப் பயிற்சி இல்லாமல் பெரிய புராண, வரலாற்று ஓவியங்களுக்குள் நுழைய வழியில்லை. உருவப்படத்துக்கு முகம் போதும், தோள்வரை போதும். பாஸ்டலுக்கு எண்ணெய் வேண்டாம், காயக் காத்திருக்க வேண்டாம், பெரிய பட்டறை வேண்டாம். வண்ணக் குச்சிகள், காகிதம், சன்னல் வெளிச்சம், எதிரே உட்கார ஒருவர். வீட்டு முன்னறையே தொழிற்கூடம் ஆகிவிடும். வெனிஸின் பெருங்கால்வாய் ஓரத்தில் இருந்த அவருடைய வீட்டுக்கு இங்கிலாந்து, ஜெர்மானியப் பயணிகளும் இளவரசர்களும் தேடி வந்து உட்கார்ந்தார்கள். பாஸ்டல் மென்மையானது, பெண்மைக்குரியது என்று பின்னாளில் எழுதியவர்கள் உண்டு. அது சிக்கனமானது, வேகமானது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

ஆனால் வீட்டிலேயே இருந்து தொழில் செய்பவருக்கு ஊருலகச் செய்தி வேண்டும். எந்த அரண்மனையில் யார் படம் வாங்குகிறார்கள், எந்த ஊரில் என்ன விலை, யாரை நம்பிப் படத்தை அனுப்பலாம்? ஆண் ஓவியர்கள் இதையெல்லாம் ஊர் ஊராகச் சுற்றித் தெரிந்துகொண்டார்கள். ரோசால்பா கடிதம் எழுதினார். 1705இல் ரோமின் புனித லூக்கா கலைக்கழகத்தில் அவர் சேர்க்கப்பட்டதற்குப் பின்னாலும் ஒரு நட்பு இருந்தது; கிறிஸ்டியன் கோல் என்ற ஆங்கிலேயர் அவருக்காக முயற்சி எடுத்தார்.

பியேர் குரோசா 1715 வாக்கில் இத்தாலி வந்தார். பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த ஓர்லியான் கோமகனுக்காக, சுவீடனின் அரசி கிறிஸ்டினா விட்டுச்சென்ற ஓவியத் தொகுப்பை விலைபேசுவது பயணத்தின் நோக்கங்களில் ஒன்று. வெனிஸில் ரோசால்பாவைச் சந்தித்தார். ஊர் திரும்பியதும் கடிதங்கள் தொடங்கின. 1716இன் இறுதியில் எழுதிய கடிதத்தில், எங்கள் ஓவியர்களில் உங்களுக்குக் காட்டத் தகுந்த படம் வரையக்கூடியவர் வாத்தோ ஒருவர்தான் என்கிற பொருளில் எழுதுகிறார். வாத்தோவை ரோசால்பாவுக்கு முன்னால் நிறுத்தித் தகுதி பார்க்கிறார். இன்று கலை வரலாற்றுப் புத்தகங்களில் வாத்தோவுக்குத் தனி அத்தியாயம் இருக்கும், ரோசால்பாவுக்கு ஒரு பத்தி இருந்தால் அதிகம். 1719இல் வாத்தோவின் நண்பரான ஓவியர் வ்லூகெல்ஸும் ரோசால்பாவுக்கு எழுதினார்: வாத்தோ உங்களை அறிய விரும்புகிறார், உங்கள் படம் ஒன்றைப் பெற்றுத் தன் படம் ஒன்றைத் தர ஆசைப்படுகிறார் என்று.

குரோசா அவரைப் பாரிஸுக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். தன் மாளிகையிலேயே தங்கலாம் என்றார். ரோசால்பா உடனே கிளம்பிவிடவில்லை. 1719இல் அப்பா இறந்தார். அடுத்த வசந்தத்தில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் சேர, நான்கு பெண்களாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். ஆஞ்சலாவின் கணவர் பெல்லெக்ரீனிக்கு அங்கே அரச வங்கியின் கூரையில் ஓவியம் தீட்டும் வேலை கிடைத்திருந்தது. ரிஷெலியூ தெருவில் குரோசாவின் வீட்டில் அவர்களுக்கு அறைகள். அதே வீட்டில் இத்தாலிய மேதைகளின் கோட்டோவியங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

அங்கிருந்தபோது ரோசால்பா நாட்குறிப்பு எழுதினார். அதை ஆசையோடு திறப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மனம் திறந்த பக்கம் ஒன்றுகூட இல்லை. யார் வந்தார், யார் படம் தொடங்கியது, எவ்வளவு வந்தது, இன்று எங்கே போனோம் என்ற வேலைக் கணக்குதான். பத்து வயது அரசன் பதினைந்தாம் லூயியை வரைந்த நாளின் குறிப்பில் அரசனுடைய முகத்தைப் பற்றி எதுவும் இல்லை. அவனுடைய துப்பாக்கி விழுந்தது, கிளி செத்தது, நாய்க்கு உடம்புக்கு முடியாமல் போனது என்று மூன்று சின்ன விபத்துகள் மட்டும் பதிவாகியிருக்கின்றன. சிறுவனை அசையாமல் உட்கார வைக்க அன்று அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். 1720 அக்டோபரில் அரசக் கலைக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. இனிமேல் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று 1706இல் முடிவெடுத்திருந்த அதே கழகம்தான். விதியை மாற்றாமல், ஒருவருக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டது. இது நமக்கெல்லாம் பழக்கமான ஏற்பாடு.

குரோசாவின் விருந்தோம்பலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழக்கப்படுத்தினார், அறிமுகப்படுத்தினார், பதிலுக்கு அவமதிக்கும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் தாராளமாக இருப்பதற்குப் பணம் வேண்டும். அண்ணன் அந்துவான் தன்னைவிடப் பெரிய பணக்காரர் என்பதால் பியேரைப் ‘ஏழை குரோசா’ என்று வேடிக்கையாக அழைத்தார்கள். அந்த அண்ணன் லூயிசியானாவின் வணிக உரிமையைச் சில ஆண்டுகள் கையில் வைத்திருந்தவர், அடிமை வணிகத்தில் பங்கு கொண்டவர். ரோசால்பா தங்கிய குடும்பத்துச் செல்வத்தில் ஆப்பிரிக்கப் பெண்களையும் விற்ற காசு இருந்தது. நாட்குறிப்பில் இது வராது, கடிதங்களிலும் வராது. அவர்கள் இருந்த அதே ஆண்டில்தான் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுப்பியிருந்த காகிதப் பண மாளிகை சரிந்தது. லாவின் குடும்பத்தாரும் ரோசால்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்தான். பெல்லெக்ரீனி கூரை தீட்டிய வங்கியும் அதோடு போனது.

1721 மார்ச்சில் ரோசால்பா ஊர் திரும்பினார். கிளம்புவதற்கு முந்தைய மாதம் குரோசாவுக்காக வாத்தோவின் உருவத்தை வரையத் தொடங்கியிருந்தார். வாத்தோ அப்போதே காசநோயாளி. அந்த ஜூலையில் இறந்தார். ஆகஸ்டில் குரோசா வெனிஸுக்கு எழுதினார்: பாவம் வாத்தோவை இழந்துவிட்டோம், கையில் தூரிகையோடே போய்விட்டார் என்று. ‘இழந்துவிட்டோம்’ என்பதில் உள்ள பன்மையைக் கவனியுங்கள். துக்கத்தில் அவரும் பங்காளி என்று எழுதுகிறார். புரவலர் என்ற சொல் இந்த இடத்தில் போதாமல் போகிறது.

இந்தக் கடிதங்களில் ஒலிக்காத குரல் ஜொவான்னாவுடையது. உடைமடிப்புகளைத் தீட்டியவர், நகல்கள் எடுத்தவர், அக்காவோடு கூடவே வாழ்ந்தவர். புளோரன்சின் உஃபீசியில் ரோசால்பா தன்னைத் தானே வரைந்த படம் இருக்கிறது. அதில் அவர் கையில் பிடித்திருக்கும் இன்னொரு படத்தில் தங்கையின் முகம். தன் கைவேலைக்குச் சான்றாக அவர் காட்டுவது தங்கையைத்தான். 1737இல் ஜொவான்னா இறந்தபோது ரோசால்பாவால் பல மாதங்கள் வேலை செய்ய முடியவில்லை. அடுத்த ஆண்டு அம்மாவும் போனார்.

இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? ரோசால்பா வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்தார். அதைவிட முக்கியம், தான் அனுப்பியவற்றின் வரைவுகளையும் வைத்துக்கொண்டார். பிரபுக்கள் வீட்டில் அவருடைய கடிதம் தொலைந்தாலும் அவர் சொன்னது அவரிடமே இருந்தது. வியாபாரிக்கு இது கணக்குப் புத்தகம். நான் முப்பது ஆண்டுகளாகக் கடிதமும் மின்னஞ்சலுமாக எழுதியிருக்கிறேன், கைப்பட எழுதிய எதற்கும் என்னிடம் நகல் இல்லை. அவருடைய தாள்கள் இப்போது புளோரன்சின் லாரென்சியானா நூலகத்தில் இருக்கின்றன. பெர்னார்தினா சானி என்ற அறிஞர் அவற்றைத் தொகுத்து 1985இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஒரு பெண் எடுத்து வைத்ததை இன்னொரு பெண் பிரித்துப் படிக்க இருநூறு ஆண்டுகளுக்குமேல் ஆகியிருக்கிறது.

குரோசா 1740இல் இறந்தார். அவருடைய ஏறத்தாழ 19,000 கோட்டோவியங்கள் அடுத்த ஆண்டு ஏலத்துக்கு வந்தன. பட்டியலைத் தயாரித்தவர் மரியெத், குரோசாவின் வட்டத்தில் ரோசால்பாவுக்குக் கிடைத்த இன்னொரு நண்பர். புரவலர் போன பிறகும் அந்த வீடு தந்த நட்பு அறுந்துவிடவில்லை. ரோசால்பாவின் பார்வை மங்கி, பிறகு முழுதாகப் போனபோது அவர் எழுதியது மரியெத்துக்குத்தான். 1749இல் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுதிய கடிதம் அது. கொஞ்சம் தெரிகிறது, மங்கலாகத்தான், குருடாயிருந்தவளுக்கு இதுவே பெரிது என்கிறார். பார்வை இல்லாதிருந்தபோது எதன் மேலும் ஆசை வரவில்லையாம். இப்போது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்போல் இருக்கிறதாம். ஆனால் செப்டம்பரில் அடுத்த சிகிச்சை முடியும்வரை பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.