கோதுமை போன பாதையில் டிராம்

ரயில் ஓடாத தண்டவாளத்தை என்ன செய்வது? பழைய இரும்புக்குப் போடலாம். நிலத்தை விற்று அடுக்குமாடி கட்டலாம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம் அதன் மேல் டிராம் விட்டது. கேட்க ரொம்ப சுலபமாக இருக்கிறது. ஆனால் 12 கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்கு 1997 முதல் 2014 வரை, பதினேழு வருடம் பிடித்தது!

அந்தத் தண்டவாளம் மனிதர்களுக்காகப் போடப்பட்டதே இல்லை. சிட்னியின் மேற்கே டல்விச் ஹில்லில் இருந்து ரோசெல் வரை 1916-இல் ஒரு சரக்குப் பாதை வந்தது. 1922-இல் அதை டார்லிங் ஹார்பர் வரை நீட்டினார்கள். பயணிகள் ரயிலுக்கு இடைஞ்சல் இல்லாமல் சரக்கு துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் பாதை கடைத்தெருக்களை விட்டு விலகி, ஒரு கால்வாய் ஓரமாகவும் மாவு மில்களின் பின்பக்கமாகவும் வளைந்து வளைந்து போகும். இந்த வளைவு பின்னால் முக்கியமாகிறது.

அதே காலத்தில் சிட்னித் தெருக்களில் டிராம்கள் நிரம்பி வழிந்தன. 1945-ஐ ஒட்டிய ஒரே வருடத்தில் சுமார் 40 கோடி பயணங்கள். பிறகு பஸ்தான் நவீனம் என்று முடிவு செய்து ஒவ்வொரு தடமாகப் பிடுங்கினார்கள். கடைசி டிராம் ஓடியது 1961 பிப்ரவரி 25. தெருவில் இருந்த தண்டவாளம் தாரின் அடியில் போய்விட்டது. யார் கண்ணிலும் படாத சரக்குப் பாதை மட்டும் தப்பித்தது.

டார்லிங் ஹார்பரின் சரக்கு யார்டு 1980-களில் மூடப்பட்டு, அந்த இடம் சுற்றுலாத் தலமாக மாறியது. 1988-இல் அங்கே ஒரு மோனோரயில் விட்டார்கள். ஊர்க்காரர்களை விட சுற்றுலாப் பயணிகளுக்குத்தான் அது அதிகம் பயன்பட்டது. 2013-இல் மூடியும் விட்டார்கள். உருப்படியான வேலை 1997 ஆகஸ்டில்தான் நடந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனில் இருந்து வென்ட்வொர்த் பார்க் வரை, பெரும்பகுதி அந்தப் பழைய சரக்குத் தடத்திலேயே, நவீன டிராம் ஓட ஆரம்பித்தது. 2000-இல் லில்லிஃபீல்டு வரை நீண்டது.

அங்கே நின்றுவிட்டது. பதினான்கு வருடம்!

லில்லிஃபீல்டில் இறங்கினால் மாறி ஏற வேறு ரயில் கிடையாது. தடத்தை நடத்தியது தனியார் கம்பெனி, டிக்கெட்டும் தனி. அரசு ரயிலுக்கும் பஸ்சுக்கும் வாராந்திரப் பாஸ் வாங்கியவர் டிராமில் ஏறினால் இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்பவர் யார் ஏறுவார்? 2011 ஜூனில்தான் அரசின் பொது டிக்கெட் டிராமிலும் செல்லும் என்று ஆனது. தண்டவாளம் போடும் செலவை மிச்சம் பிடித்தவர்கள், பயணியின் இரட்டைச் செலவைக் கவனிக்கவில்லை.

லில்லிஃபீல்டுக்குத் தெற்கே தண்டவாளம் அப்படியே கிடந்தது. சம்மர் ஹில் மாவு மில் 2009-இல் மூடப்பட்டதும், அதற்குக் கோதுமை கொண்டுவந்த ரயிலுக்கும் வேலை இல்லாமல் போனது. 2010 பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸ் அரசு நீட்டிப்பை அறிவித்தது. 5.6 கிலோமீட்டர், 9 புதிய நிறுத்தங்கள், 2012-இல் திறப்பு. அடுத்த வருடம் ஆட்சி மாறியது. 12 கோடி டாலர் என்று சொன்ன மதிப்பீடு 17.6 கோடி ஆனது, திறப்பு 2014-க்குத் தள்ளிப்போனது. பழைய தண்டவாளம் இலவசம்தானே என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பது நிலமும் சரிவும் பாலங்களும் மட்டுமே. மின்கம்பி, சிக்னல், நடைமேடை, படி ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட், கூடுதல் டிராம் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும்.

செலவு ஏறியபோது முதலில் வெட்டுப்பட்டது எது தெரியுமா? தடத்தை ஒட்டி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் 'கிரீன்வே' என்று ஒரு பாதை அறிவித்திருந்தார்கள். அந்தப் பகுதி மக்கள் வருடக் கணக்காகக் கேட்டு வந்தது அது. தன்னார்வலர்கள் தண்டவாள ஓரத்தில் மரக்கன்று நட்டு, பேண்டிகூட் என்னும் சிறு விலங்குக்கு மறைவிடம் அமைத்து வந்தார்கள். 2011-இல் கிரீன்வேயை ஒத்திவைத்துவிட்டார்கள். டிராமுக்கே அடித்தளமாக இருந்த ஆதரவு அந்த மக்களுடையது என்பதை நினைத்தால், இது நியாயமான வெட்டு என்று சொல்ல முடியாது.

2012 மார்ச்சில் அரசு அந்தத் தனியார் கம்பெனியையே சுமார் 2 கோடி டாலருக்கு வாங்கியது. 2014 மார்ச் 27-இல் டல்விச் ஹில் வரை டிராம் ஓடியது. மொத்தம் 23 நிறுத்தங்கள்.

இப்போது அந்த வளைவுக்கு வருவோம். அப்போது டல்விச் ஹில்லில் இருந்து சென்ட்ரல் போக ரயிலில் ஆன நேரம் டிராமில் ஆனதில் பாதிகூட இல்லை. இதை வைத்து வீண் திட்டம் என்று சொல்வது தவறு. முனையிலிருந்து முனைக்குப் போக யாரும் இதில் ஏற வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் லைக்கார்ட், ஹேபர்ஃபீல்டு போன்ற இடங்களுக்கு ரயில் நிலையமே கிடையாது, 1961-க்குப் பிறகு பஸ் மட்டும்தான். சிட்னியின் ரயில்கள் பெரும்பாலும் மையத்தை நோக்கியே போகும். குறுக்கே போகும் தடம் அபூர்வம். கோதுமைக்காக வளைத்த பாதை, தற்செயலாக அந்தக் குறையைத் தீர்த்தது.

முழுதாகத் தீர்க்கவில்லை. லூயிஷாம் அருகே இந்தத் தடம் சிட்னியின் பிரதான ரயில் பாதைக்கு அடியில் குறுக்கே போகிறது. சரக்கும் பயணிகளும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கவே அந்தக் காலத்தில் அப்படிக் கட்டினார்கள். அதனால் இன்றைக்கும் லூயிஷாம் வெஸ்ட் நிறுத்தத்தில் டிராமை விட்டு இறங்குபவர், மேலே போகும் ரயிலைப் பிடிக்க, தெரு வழியாக லூயிஷாம் ஸ்டேஷனுக்கு நடந்துதான் போக வேண்டும்.