கேரவன் ஊர்திகளில் நீரேற்றி இரைச்சல்

கேரவன் நீரேற்றி இரைச்சல் என்பது, படுக்கை, சமையலறை, கழிவறை ஆகியவற்றைக் கொண்ட தங்கும் ஊர்திகளில் நீரேற்றி (பம்பு) இயங்கும்போது எழும் ஒலியையும் அதிர்வையும் குறிக்கும். வட அமெரிக்காவில் இவ்வகை ஊர்திகள் மிகுதி. முகாமிடத்தில் குடிநீர் இணைப்பு இல்லாதபோது ஊர்தியிலுள்ள தொட்டி நீரையே நீரேற்றி மூலம் பெற வேண்டும். இரவில் ஒருவர் கை கழுவினாலும் உறங்கும் ஏனையோர் விழித்துக்கொள்ளும் அளவுக்கு இவ்வொலி இருக்கக்கூடும்.

தோன்றும் விதம்

பெரும்பாலும் 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் இயங்கும் சவ்வு நீரேற்றியே பொருத்தப்படுகிறது. மின்னோடி சுழலும்போது சாய்தட்டு ஒன்று ரப்பர் சவ்வின் அறைகளை மாறி மாறி அழுத்துகிறது. ஆகவே நீர் சீராக அன்றித் துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. குழாய்களை மூடியபின் அழுத்தம் உயர்ந்து, பல வகைகளில் சதுர அங்குலத்துக்கு 45 முதல் 55 பவுண்டு வரை எட்டியதும், அழுத்த நிலைமாற்றி மின்சாரத்தைத் துண்டிக்கிறது.

நீரேற்றி தானாக எழுப்பும் ஒலி பெரிதன்று. அது திருகப்பட்டுள்ள மெல்லிய ஒட்டுப்பலகை மத்தளத்தோல் போல அதிர்ந்து அவ்வொலியைப் பெருக்குகிறது. நீரேற்றியுடன் நேரடியாக இணைக்கப்பட்ட விறைப்பான நெகிழிக் குழாய்கள் துடிப்பை ஊர்தி முழுவதும் கடத்துகின்றன. அவை சுவரையோ அலமாரியையோ தொடும் இடங்களில் படபடவென்ற ஒலி எழும்.

குறைக்கும் முறைகள்

செலவு குறைந்ததும் பெரும்பாலும் போதுமானதுமான முறை, நீரேற்றியின் நுழைவாய், வெளிவாய் இரண்டிலும் ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள, வலைப்பின்னலிட்ட வளையும் குழாயை இணைப்பதாகும். நுழைவாய்க் குழாய் உறிஞ்சலில் ஒடுங்காததாகவும், இரண்டும் குடிநீருக்கு ஏற்றவையாகவும் இருத்தல் வேண்டும்.

நீரேற்றியின் ரப்பர் பாதங்களை இறுக்கமாகத் திருகுதல் பரவலான தவறு. நசுங்கிய ரப்பர் அதிர்வைத் தாங்காது. திருகுகளைச் சற்றுத் தளர்த்தினாலே வேறுபாடு தெரியும். தடித்த பலகையொன்றை ரப்பர் விரிப்பின்மீது வைத்து, அதில் நீரேற்றியைப் பொருத்துவோரும் உண்டு. குழாய்கள் சுவரைத் தொடும் இடங்களில் நுரைக்குழல் உறை இடலாம். ஆனால் மின்னோடியையே நுரையால் சுற்றி மூடுதல் கூடாது; வெப்பம் வெளியேறாமல் அது பழுதடையும்.

அழுத்தத் தேக்கி என்பது காற்றும் நீரும் சவ்வினால் பிரிக்கப்பட்ட சிறு கலன். இது துடிப்பை உள்வாங்குவதுடன், சிறிதளவு நீரை நீரேற்றி இயங்காமலேயே தருகிறது. நீரழுத்தத்தை முற்றிலும் வெளியேற்றிய பின், நீரேற்றி மீண்டும் இயங்கத் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகக் காற்றை நிரப்ப வேண்டும். வேகம் மாறும் மின்னணு நீரேற்றிகள் பலவற்றுக்கு இக்கலன் பொருந்தாது.

எச்சரிக்கை ஒலிகள்

எல்லா ஒலியும் அடக்கப்பட வேண்டியதன்று. குழாய் எதையும் திறக்காதபோது நீரேற்றி இடையிடையே சில நொடிகள் இயங்குமாயின், எங்கோ கசிவு உள்ளது, அல்லது நீரேற்றியின் ஒருவழி வால்வு நீரைப் பின்னோக்கி விடுகிறது. சுவருக்குள் கசியும் நீர் மரச்சட்டங்களை உளுக்கச் செய்யும். இடையறாது இயங்கும் நீரேற்றி தொட்டி வறண்டதையோ, வடிகட்டி இணைப்பில் காற்று புகுவதையோ காட்டலாம். காரணம் அறியும்வரை நீரேற்றியின் மின்சுவிட்சை அணைத்து வைத்தல் நன்று.