மணலால் அளந்த மனிதர்

செங்குழியம் ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 7.5 மைக்ரோமீற்றர் என்று உயிரியல் வகுப்பில மனப்பாடம் செய்திருப்பம். மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வருவதுதான் மைக்ரோமீற்றர். சரி, மீற்றரே இல்லாத காலத்தில இதை எப்படிச் சொல்லுவினம்?

நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹுக், 1674இல் இப்படிச் சொன்னார்: குருதியிலுள்ள சிவப்பு உருண்டை, நுண்மணல் மணி ஒன்றைவிட 25,000 மடங்கு சிறியது. கேட்கச் சிரிப்பாத்தான் இருக்கும். ஆனால் அவர் சொன்னது கனவளவை. கனமூலம் எடுத்தால் விட்டத்தில் ஏறத்தாழ 29 மடங்கு. அந்த மணலில் நூறு மணியை வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம் என்று எடுத்தால், விடை 9 மைக்ரோமீற்றருக்குச் சற்றுக் குறைய வருது. கையால் தேய்த்த ஒற்றை வில்லையை வைத்துக்கொண்டு!

அங்குலத்திலேயே சொல்லியிருக்கலாமே எண்டு கேட்கலாம். எந்த அங்குலத்தில? அவருடைய ஊரில் புழங்கிய றைன்லாந்து அங்குலம் 26 மில்லிமீற்றருக்கும் சற்றுக் கூட, இங்கிலாந்தினது 25.4. மணல் எண்டால் இரண்டு ஊரிலும் இருக்கு. தலைமுடி, தினை, பேனின் கண் என்று கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் அவர் அளவுகோலாக்கினார்.

1676இல் எழுதிய கடிதத்தில்தான் சிக்கல் வந்தது. நீரில் உயிர்கள் நீந்துகின்றன, பத்து இலட்சம் சேர்ந்தாலும் ஒரு பருமணலுக்கு ஈடாகாது என்றார். இலண்டன் றோயல் சங்கத்துக்கு நம்பிக்கை வரேல்ல. லத்தீன் தெரியாத கடைக்காரரின் பேச்சு என்பது ஒரு பக்கம். தன் சிறந்த நுணுக்குக்காட்டிகளை அவர் யாருக்கும் காட்டாததும் காரணம்தான். அந்தப் பிடிவாதத்தை என்னால் நியாயப்படுத்த முடியேல்ல. எட்டுப் பேரிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் றொபேட் ஹூக் தானே பார்த்துச் சொன்ன பிறகுதான் சங்கம் ஏற்றுக்கொண்டது.

நாற்பது வருடம் கழித்து ஜேம்ஸ் ஜூரின் என்ற இங்கிலாந்து மருத்துவர் மணலை விட்டுவிட்டு மெல்லிய வெள்ளிக் கம்பியை எடுத்தார். ஊசியில் இடைவெளி இல்லாமல் சுற்றி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினால் கம்பியின் தடிப்புத் தெரியும். அதைத் துண்டாக்கிக் குருதியோடு சேர்த்துப் பார்த்தால் ஒப்பிடலாம். அருமையான யோசனை. அவருக்கு வந்த விடை அங்குலத்தில் 1940இல் ஒரு பங்கு, அதாவது 13 மைக்ரோமீற்றர். கம்பித் துண்டுகள் டெல்ஃப்றுக்கும் போயின. தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த லீவன்ஹுக் தானும் அளந்து பார்த்து, ஓம் சரிதான் என்றார். அவருடைய பழைய மணல் கணக்குத்தான் உண்மைக்குக் கிட்ட நின்றது.