கோட்டைத் தாண்டிய பந்து

2010 ஜூன் 27, இரவு மணி பத்து. உலகக் கிண்ணத்தின் இரண்டாம் சுற்றில் ஜெர்மனியும் இங்கிலாந்தும் மோதின. வீட்டருகே இருந்த மாமாக் கடையில் வெள்ளைத் திரை கட்டி ஆட்டத்தைப் போட்டிருந்தார்கள். ஜெர்மனி 2-1 என முன்னணியில் இருந்தது. 38ஆவது நிமிடத்தில் ஃபிராங்க் லம்பார்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு நன்றாக உள்ளே குத்தி, வெளியே எழும்பியது. கோல்காவலர் மானுவேல் நோயர் அதைப் பிடித்து, ஒன்றும் நடக்காததுபோல ஆட்டத்தைத் தொடர்ந்தார். நடுவரும் தொடரவிட்டார். கடையே எழுந்து நின்று கத்தியது. பக்கத்து மேசை அண்ணன், "ரொட்டி போடுறவனுக்கே தெரியுது, அங்கேயே நிக்கிற நடுவருக்குத் தெரியலையாடா?" என்றார்.

அன்று சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, காற்பந்து நடுவர்களின் அரை நூற்றாண்டுச் சிக்கல் முழுவதும் அந்தக் கேள்வியில் இருப்பதாகப்பட்டது.

விதி எளிமையானது. பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் கோல். ஆனால் அதைப் பார்க்க வேண்டியவர் நிற்கிற இடம்தான் பிரச்சினை. ஆப்சைடைக் கவனிக்க, துணை நடுவர் கடைசிக்கு முந்தைய தற்காப்பு ஆட்டக்காரருக்கு நேராகவே ஓட வேண்டும். தூரத்திலிருந்து யாராவது திடீரென்று கோலை நோக்கி அடித்தால், பந்து போகும் வேகத்துக்கு அவரால் கோல் கோட்டுக்குப் போய்ச் சேர முடியாது. சாய்வான கோணத்தில் நின்றபடி, கண நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும்.

1966 ஜூலை 30 அன்று வெம்ப்ளியில் நடந்ததும் இதுதான். இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் 2-2 என்றிருந்த இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில், ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே குத்தியது. சுவிட்சர்லாந்து நடுவர் காட்ஃபிரீட் டியன்ஸ்ட், கோட்டோரம் நின்ற தொஃபிக் பஹ்ராமொவிடம் ஓடினார். பஹ்ராமொவ் அன்றைய சோவியத் யூனியனின் அஜர்பைஜானைச் சேர்ந்தவர். இருவருக்கும் சரளமான பொது மொழி இல்லை. பஹ்ராமொவ் தலையசைத்தார். கோல். இங்கிலாந்து 4-2 என வென்றது. அது கோலா இல்லையா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. பாக்குவில் ஒரு விளையாட்டரங்கமே பஹ்ராமொவ் பெயரில் இருக்கிறது.

நம் பக்கத்திலிருந்தும் ஒருவர் அந்தக் காலத்து உலகக் கிண்ணத்தில் விசில் ஊதியிருக்கிறார். 1974இல் மூனிக்கில் போலந்து ஹைட்டியை 7-0 என வென்ற ஆட்டத்தின் நடுவர், சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா. அவருக்கும் உதவிக்கு இருந்தவர்கள் கோட்டோரம் கொடி பிடித்த இருவர் மட்டுமே.

தொலைக்காட்சி இந்த நிலையை மாற்றியது. மறு ஒளிபரப்பு வந்த பிறகு, ஆட்டத்தைப் பார்க்கும் கோடிக்கணக்கானோரில் அதைப் பார்த்து முடிவெடுக்க அனுமதி இல்லாத ஒரே ஆள் நடுவர்தான் என்றாகிவிட்டது. லம்பார்ட் ஆட்டம் நடந்த அதே நாளில், மெக்சிகோவுக்கு எதிராக அர்ஜெண்டினாவின் கார்லோஸ் தெவெஸ் ஆப்சைடில் நின்று கோல் போட்டார். அரங்கத்தின் பெரிய திரையிலேயே அது தெரிந்தது. மெக்சிகோ ஆட்டக்காரர்கள் திரையைக் காட்டிக் கத்தினார்கள். நடுவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விதிப்படி திரை சாட்சியே இல்லை.

விதிகளை வகுப்பது 1886இல் தொடங்கிய அனைத்துலகக் காற்பந்துச் சங்க வாரியம். அங்கே பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கு நான்கு ஓட்டு, ஃபிஃபாவுக்கு நான்கு ஓட்டு. ஆறு ஓட்டு கிடைத்தால்தான் விதி மாறும். கோல் கோட்டுத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று 2010 மார்ச்சில்தான் அந்த வாரியம் சொல்லியிருந்தது. லம்பார்ட் விவகாரத்துக்குப் பிறகு ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் இங்கிலாந்திடமும் மெக்சிகோவிடமும் மன்னிப்புக் கேட்டார். 2012 ஜூலை 5 அன்று வாரியம் தொழில்நுட்பத்துக்கு ஒப்புதல் தந்தது. 2014 உலகக் கிண்ணத்தில் ஒரு கோலுக்கு ஏழு என மொத்தம் 14 கேமராக்கள். பந்து தாண்டிய நொடியே நடுவரின் கைக்கடிகாரம் அதிரும்.

கோடு என்பது உண்மை சார்ந்த விஷயம். தாண்டியது அல்லது தாண்டவில்லை. 2018 மார்ச்சில் விதியில் சேர்க்கப்பட்ட வி.ஏ.ஆர். எனும் காணொளி நடுவர் முறை வேறு வகை. அப்போது கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாற்றித் தண்டிப்பது ஆகிய நான்கில் மட்டும் அது தலையிட்டது. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் குரோஷியாவின் இவான் பெரிஷிச் கையில் பந்து பட்டதா என்பதில் சந்தேகமில்லை. அது தண்டனைக்குரியதா என்பதுதான் கேள்வி. நடுவர் திரையருகே போய்த் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு பெனால்டி கொடுத்தார். படத்தை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அந்த முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும்.

இயந்திரமும் தவறும். 2020 ஜூன் 17 அன்று, ஆஸ்டன் வில்லாவின் கோல்காவலர் பந்தோடு கோட்டுக்குள் போனதை ஏழு கேமராக்களும் ஆட்கள் மறைத்ததால் பிடிக்கவில்லை. ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குக் கிடைக்க வேண்டிய கோல் போயிற்று, ஆட்டம் 0-0. தொழில்நுட்ப நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பருவ முடிவில் வில்லா ஒரே ஒரு புள்ளியில் தப்பியது. போர்ன்மத் கீழே இறங்கியது. 2023 செப்டம்பரில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோலில் கேமரா சரியாகவே காட்டியது. களத்தில் என்ன முடிவு சொல்லப்பட்டது என்பதை அறையில் இருந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள். சரியான கோல் ஆப்சைடாகவே நின்றது. 1966இல் பொது மொழி இல்லை. இங்கே எல்லாருக்கும் ஒரே மொழி இருந்தும் பேச்சு குழம்பியது.

அதற்காகப் பழைய காலமே மேல் என்று நான் சொல்லமாட்டேன். நான்கு ஆண்டு உழைப்பு ஒருவர் நின்ற கோணத்தால் வீணாவது நியாயமில்லை. ஆனால் அன்று தவறுக்கு ஒரு முகம் இருந்தது. திட்டினாலும் பஹ்ராமொவைத் திட்டலாம். இன்று யாரைக் கேட்பது?

இப்போதும் அதே கடைக்குப் போகிறேன். கோல் விழுந்தால் பாதிப் பேர் எழுந்திருப்பதில்லை. நடுவர் காதில் விரல் வைக்கிறாரா என்று பார்க்கிறோம். "பொறுடா, செக் பண்றாங்க" என்கிறார் அண்ணன். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. கத்துவதற்குத்தான் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.