அநாதை மருந்துகள்: ஒரு சட்டத்தின் வரலாறு

தாய் தந்தையற்ற குழந்தையை அநாதை என்கிறோம். மருந்திலும் அநாதை உண்டு. நோயைத் தணிக்கும் ஆற்றல் இருந்தும், செய்து விற்க முன்வருவார் இல்லாத மருந்தை மேலை நாட்டார் அவ்வாறு அழைத்தனர். அந்நிலையை மாற்ற எழுந்த சட்டத்தின் வரலாறு அறியத்தக்கது.

1962 வரை அமெரிக்காவில் ஒரு மருந்து தீங்கற்றது என்று காட்டினாலே அதனை விற்கலாம். தாலிடோமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற காலத்தில் உண்ட தாய்மாருக்கு ஐரோப்பாவிலும் பிற இடங்களிலும் கைகால் குறைந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. அச்செய்தி உலகை உலுக்கவே, அவ்வாண்டில் கீபாவர்-ஹாரிஸ் திருத்தச் சட்டம் வந்தது. மருந்து பயன் தருவதையும் முறையான சோதனைகளால் மெய்ப்பித்தாக வேண்டும் என்று அது விதித்தது. நல்ல விதியே. ஆயினும் சோதனைக்குப் பெரும் பொருளும் பல்லாண்டுகளும் தேவைப்பட்டன. சில ஆயிரம் பேருக்கே வரும் நோய்க்கு இவ்வளவு செலவிட எந்தக் கம்பெனி துணியும்? பலரைக் காக்க எழுந்த வேலி சிலருக்குக் கதவை அடைத்துவிட்டது.

டூரெட் நோய் உடையார் தம்மையறியாமல் உடல் வெட்டுவதாலும் ஒலி எழுப்புவதாலும் துன்புறுவர். கனடாவில் மனநோய்க்கென விற்கப்பட்ட பிமோசைடு அவர்களுக்கும் பயன்பட்டது. அமெரிக்காவிலோ அதற்கு அனுமதி இல்லை. அங்கிருந்து அதனை வரவழைத்தோர் சுங்கத் தடையில் சிக்கினர். நோயுற்ற மகனின் தாயாகிய ஏபி மையர்ஸ் போன்றோர் இடைவிடாது முறையிட்டனர். 1980ல் காங்கிரஸ் சபையின் குழு ஒன்று இதனை விசாரித்தது.

விசாரணை பற்றி நாளிதழில் வந்த செய்தி, 'குவின்சி' என்னும் தொலைக்காட்சித் தொடரை எழுதிவந்த மாரிஸ் கிளக்மனை எட்டியது. அவரும் அரிய புற்றுநோய்க்கு ஆளானவர். 1981ல் அச்செய்தி நாடகமாயிற்று. அத்தொடரில் மருத்துவராக நடித்த அவர் உடன்பிறந்தார் ஜாக் கிளக்மன், சபைக் குழுவின்முன் சாட்சியும் சொன்னார். பொதுமக்கள் கடிதங்கள் குவிந்தன. ஹென்றி வாக்ஸ்மன் முன்னின்று நடத்திய மசோதா, 1983 ஜனவரி 4ஆம் நாள் அதிபர் ரீகன் கையொப்பமிடச் சட்டமாயிற்று.

அச்சட்டம் எவரையும் மருந்து செய்யும்படி கட்டளையிடவில்லை; செய்வார்க்கு ஊதியம் காட்டியது. மனிதரிடம் நடத்தும் சோதனைச் செலவில் பாதிக்கு வரிச் சலுகை கிடைத்தது. (2018 முதல் அது காற்பங்காயிற்று.) ஆராய்ச்சிக்கு மானியமும் கிடைத்தது. எல்லாவற்றினும் பெரியது, அனுமதி பெற்ற மருந்துக்கு அந்நோயைப் பொறுத்த 7 ஆண்டுத் தனி விற்பனை உரிமையாகும்.

முதற்சட்டத்தின்படி, போட்ட பணம் விற்பனையால் மீளாது என்பதைக் கம்பெனி காட்ட வேண்டியிருந்தது. 1984ல் வந்த திருத்தமோ, நாட்டில் 200,000 பேருக்குக் குறைந்தோரைப் பற்றும் நோய் எனின் அதுவே போதும் என்றது. சிறிதாகத் தோன்றும் இம்மாற்றம், பெரும் இலாபம் தரும் மருந்துகளும் இச்சலுகைக்குள் நுழைய வழி திறந்தது.

பயன் பெரிதே. சட்டத்திற்கு முந்திய 10 ஆண்டுகளில் கம்பெனிகள் கொணர்ந்த அரிய நோய் மருந்துகள் ஏறத்தாழ 10. பிந்திய 40 ஆண்டுகளில் 600க்கு மேல். ஜப்பான் 1993லும், ஐரோப்பிய ஒன்றியம் 2000லும் இவ்வழியைப் பின்பற்றின.

ஆனால், போட்டியை விலக்கி மருந்தைப் பிறப்பித்த அதே உரிமை விலையையும் உயர்த்தியது. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி எலும்பு நலியும் கோஷே நோய்க்கு 1991ல் செரடேஸ் என்னும் மருந்து வந்தது. உயிர்காக்கும் அம்மருந்துக்கு ஒருவர் ஆண்டுக்கு இலட்சக்கணக்கான டாலர் செலுத்த நேர்ந்தது. இவ்வுரிமையைச் சுருக்கக் காங்கிரஸ் சபை 1990ல் நிறைவேற்றிய திருத்தத்திற்கு அதிபர் புஷ் ஒப்புதல் தரவில்லை.

செய்வாரைத் தேடிய காலம் போய், விலை கொடுப்பாரைத் தேடும் காலம் வந்தது. சிங்கப்பூர் 2019ல் அரிய நோய் நிதியைத் தொடங்கி, மக்கள் ஈயும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசு மூன்று வெள்ளி சேர்க்கும் முறையை வகுத்தது இத்தேவையினாலேயே. மருந்து இருந்தும் அதனைப் பெற இயலாத நோயாளருக்கு, மருந்தே இல்லாத அந்நாளுக்கும் இந்நாளுக்கும் வேறுபாடு இல்லை.