மகரக்கட்டு உடைந்த பிறகு

1929ஆம் ஆண்டு. பகாங்கின் கேமரன் மலைக்காட்டில் மரங்கள் சாய்ந்துகொண்டிருந்தன. ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர், இலங்கையில் தேயிலை போட்டுப் பழகிய ஏ. பி. மில்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு ‘போ’ தோட்டத்தைத் தொடங்கிய வருடம் அது. காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். பகல் வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பினால் மலைக்குளிரும் மண்ணெண்ணெய் விளக்கும்தான். மலையடிவாரத்துத் தாப்பாவுக்குக் கீழே, ஊர்ப்பக்கம் போய் வந்தவர்கள் கொண்டுவந்த பாட்டும் கதையும்தான் பொழுதுபோக்கு.

அந்தப் பாட்டுகளில் ஒரு குரல் தனியாகத் தெரியும். நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல். கிராமபோன் பெட்டி எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அந்தக் குரலும் போனது. போ தோட்டம் பிறந்த வருடத்தில் அவருக்கு வயது 23. ஆனால் மேடையில் பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட ‘சர்வீஸ்’ முடிந்திருந்தது. 1906இல் செங்கோட்டையில் பிள்ளைகள் நிறைந்த ஏழை வீட்டில் பிறந்தவர், பால்பல் விழும் வயதிலேயே வேஷம் கட்டிவிட்டார். கேமரன் மலையில் இன்னொரு பெரிய தேயிலை நிறுவனமான ‘பாரத்’ தொடங்கிய 1933ஆம் ஆண்டின் டிசம்பர் 2ஆம் தேதி அவர் இறந்துபோனார். 27 வயது.

குடியும் வயிற்று நோயும் கொன்றன என்பார்கள். அது கடைசி அத்தியாயம் மட்டும்தான். முதல் அத்தியாயத்தைப் பார்க்க, சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக்குள் போக வேண்டும்.

அன்றைய நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. காஸ்லைட் வெளிச்சத்தில், ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும் நாடகத்தில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் பாட்டு கேட்டாக வேண்டும். வசனம் கொஞ்சம், பாட்டு மிச்சமெல்லாம். ஐந்து கட்டை சுருதியில் பாடக்கூடிய தொண்டை வேண்டும். பெரிய ஆண்களில் அது அபூர்வம், சிறுவர்களில் சாதாரணம். பெண்வேஷத்துக்கும் அவர்கள் பொருந்துவார்கள். பெரிய நடிகர்களைப் போல முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் இருந்துவிடவும் மாட்டார்கள். கலை, ஒழுக்கம், குருகுலம் என்று எத்தனை பெயர் சொன்னாலும், பையன்களை வைத்துக் கம்பெனி நடத்தியதற்கு இந்தக் கணக்கே அடிப்படை.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற பாய்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே சேர்ந்தபோது அவர்களில் ஒருவரான சண்முகத்துக்கு ஆறு வயது. ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூலில் அந்த உலகத்தை அவர் நன்றியோடுதான் நினைவுகூர்கிறார். அந்த நன்றியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சோறு கிடைத்தது, தமிழ் கிடைத்தது, சங்கீதம் கிடைத்தது. அடியும் கிடைத்தது. வீட்டில் பட்டினி கிடந்த பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு என்றால் எந்தத் தாய்தான் வேண்டாம் என்பாள்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இத்தனை வருடம் பிள்ளை கம்பெனிக்குச் சொந்தம். மலாயாத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. பாட்டுப் பாடும் பிள்ளைகளின் ஒப்பந்தத்தை ஒழிக்க எவரும் எழவில்லை. கைதட்டல் சத்தத்தில் அது வேலையாகவே தெரியவில்லை போலிருக்கிறது.

பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகும்போது ஒரு நாள் மேல் ஸ்தாயியில் குரல் பிசிறும். அடுத்த வாரம் கரகரக்கும். பிறகு எழும்பவே எழும்பாது. நாடகக்காரர்கள் இதை ‘மகரக்கட்டு’ என்றார்கள். உலகத்தில் எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் வருவதுதான். ஆனால் பாய்ஸ் கம்பெனியில் அது வேலைநீக்க உத்தரவு. நேற்றுவரை நோட்டீஸில் கொட்டை எழுத்தில் பெயர் போட்டவர்கள், இன்று அவனைப் பின்பாட்டுக்கோ, சேவகன் வேஷத்துக்கோ, இல்லாவிட்டால் ஊருக்கோ அனுப்பிவிடுவார்கள். சிலருக்குக் குரல் திரும்பி வரும், சிலருக்கு வராது. வருமா வராதா என்று தெரியாமல் காத்திருக்கும் வருடங்களில் அவனுக்குப் படிப்பும் இல்லை, வேறு தொழிலும் இல்லை.

புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா இதை முழுக்க அனுபவித்தவர். 1916இல் பிறந்து, சிறுவயதிலேயே நாடகத்துக்கு வந்து, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயகனாக, உயர்ந்தார். பதினைந்து ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்த பையனின் பாட்டைத் தற்செயலாகக் கேட்ட முதலாளி, அதை எழுபத்தைந்தாக உயர்த்தினார் என்று சொல்வார்கள். அவர் ராஜபார்ட்டாக நின்ற மேடையில் பெண்வேஷம் கட்டிய பையன்களில் ஒருவர் எம்.ஜி.ஆர். குரல் உடைந்ததும் சின்னப்பா கம்பெனியை விட்டு வெளியேறினார். ஊருக்குப் போய்ச் சும்மா உட்காரவில்லை. சிலம்பம் கற்றார், குஸ்தி கற்றார், பளு தூக்கினார், சங்கீதத்தைத் திரும்பவும் அடியிலிருந்து தொடங்கினார். 1936இல் ‘சந்திரகாந்தா’ படம் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1940இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடம். ‘ஆர்யமாலா’, ‘கண்ணகி’, ‘ஜகதலப்பிரதாபன்’ என்று பிறகு அன்றைய உச்ச நட்சத்திரம் தியாகராஜ பாகவதருக்கே போட்டியானார்.

வந்த பணத்தை அவர் வீடுகளாக வாங்கித் தள்ளினார். புதுக்கோட்டையில் இனி இவருக்கு வீடு விற்கக்கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. அதில் மிகை எவ்வளவு இருந்தாலும், அந்தக் கதைக்குள் இருக்கும் பயம் நிஜமானதாகவே படுகிறது: குரல் ஒரு தடவை கைவிட்டதை நேரில் பார்த்தவர், சுவரை நம்பினார். அவரையும் குடி விடவில்லை. 1951 செப்டம்பரில், 35 வயதில், காலமானார்.

எம்.ஜி.ஆர். கதை வேறு விதம். சின்னப்பா திரைக்கு வந்த அதே 1936இல் ‘சதிலீலாவதி’யில் தலைகாட்டியவர், கதாநாயகனாக ‘ராஜகுமாரி’ வரும்வரை, அதாவது 1947 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. சின்ன வயதில் பெரிய புகழ் கிடைக்காதது அவருக்கு நல்லதாகவே முடிந்தது என்று இன்று சொல்லிவிடலாம். அந்தப் பதினோரு வருடமும் அவருக்கு அப்படித் தோன்றியிருக்காது.

மகரக்கட்டு நம் ஊர் நோய் மட்டும் அல்ல. நியூயார்க்கில் ஃபிராங்கி லைமன் என்ற கறுப்பினச் சிறுவன் 1956இல், 13 வயதில், ‘வை டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’ பாடலால் அமெரிக்காவையே ஆட வைத்தான். வானொலிப் பெட்டிகளும் இசைத்தட்டுக் கடைகளும் அவன் பின்னால் ஓடின. குரல் மாறியது, கூட்டம் கலைந்தது. 1968இல், 25 வயதில், ஹெராயின் அவன் உயிரைக் குடித்தது. அவனுக்கு அடுத்த தலைமுறையில் மைக்கேல் ஜாக்சன், பதினொரு வயதில் அண்ணன்களோடு சேர்ந்து உலகப் புகழ் பெற்றார். குரல் அவரைக் கைவிடவில்லை. ஆனால் தனக்குக் குழந்தைப் பருவமே இருந்ததில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் உடைவது தொண்டை மட்டும் இல்லை. புல்லாங்குழல் மாலி என்கிற டி. ஆர். மகாலிங்கத்தை எடுத்துக்கொள்ளலாம். கிட்டப்பா இறந்த அதே 1933இல், மயிலாப்பூரில், ஏழு வயதில் அரங்கேறினார். குழலுக்கு மகரக்கட்டு கிடையாது. வித்தை வளர்ந்துகொண்டே போனது. மாலியோ கச்சேரிக்கு வராமல் போவார், வந்தாலும் நடுவில் எழுந்து போவார், குடித்துவிட்டு வருவார். ரசிகர்கள் திட்டிக்கொண்டே அடுத்த கச்சேரிக்கும் டிக்கெட் வாங்கினார்கள். மேதைமையின் கிறுக்கு என்று அதை ரசித்தவர்கள், ஏழு வயதில் அந்தப் பையனிடம் உனக்கு இது வேண்டுமா என்று யாராவது கேட்டார்களா என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

தப்பித்தவர்களும் உண்டு. கே. சுப்ரமணியத்தின் ‘பாலயோகினி’ 1937இல் வந்தபோது பேபி சரோஜா தமிழ்நாட்டின் செல்லக் குழந்தை. பிறந்த பெண்குழந்தைகளுக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைத்த காலம் அது. 1939இல் ‘தியாகபூமி’. அதன் பிறகு சில வருடங்களிலேயே திரையை விட்டு விலகி, குடும்ப வாழ்க்கைக்குப் போய், 2019வரை வாழ்ந்தார். இயக்குநர் சுப்ரமணியம் அவருடைய பெரியப்பா, சினிமா அவருக்கு வீட்டு விஷயம். நடிப்பை நிறுத்தினால் அடுப்பு அணைந்துவிடும் என்ற நிலை அந்தக் குழந்தைக்கு இல்லை. கிட்டப்பாவுக்கும் சரோஜாவுக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதி, வீட்டு அடுப்பின் தூரம்தான்.

நம் பகாங்கிலிருந்தே ஒரு குரல் உலகறிய எழுந்தது. கேமரன் மலைக்குப் பக்கத்து மாவட்டமான லிப்பிஸில் வளர்ந்த சித்தி நூர்ஹலிசாவுக்கு, 1995இல் பாட்டுப் போட்டியில் வென்றபோது பதினாறு வயது. அடுத்த ஆண்டே முதல் ஆல்பம். பதினாறும் சின்ன வயதுதான். ஆனால் அது உருவாகி முடிந்த குரல். முப்பது ஆண்டாக அதே குரல் சோறு போடுகிறது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. சாப்ளினின் ‘தி கிட்’ படத்தில் குழந்தையாக நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்து பார்த்தபோது, அவர் சம்பாதித்ததையெல்லாம் தாயும் மாற்றாந்தகப்பனும் செலவழித்திருந்தார்கள். அவர் போட்ட வழக்கால் கலிபோர்னியாவில் 1939இல் ஒரு சட்டம் பிறந்தது: பிள்ளையின் வருமானத்தில் ஒரு பகுதியைப் பிள்ளைக்கென்று ஒதுக்க வேண்டும். மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைச் சட்டம், பொதுக் கேளிக்கையில் பிள்ளைகளை ஈடுபடுத்த உரிமம் வேண்டும் என்றது. இந்தியாவில் 2017இன் விதிகள்தான் கணக்கைத் தெளிவாகப் போட்டன: ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கி வைப்பில் போக வேண்டும். விடிய விடிய நின்று பாடிய சங்கரதாஸ் சுவாமிகளின் பையன்களுக்கு நூறு வருடம் பிந்திய விதி.

கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று தேயிலை பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் குடியேறிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் மாலை நேரத்தில் சிறுவர்களின் பாட்டுப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கின்றன. பத்து வயதுப் பையன் ஒருவன் மேல் ஸ்தாயியைத் தொட்டதும் நடுவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். தோற்ற பிள்ளை அழும்போது கேமரா இன்னும் கொஞ்சம் கிட்டே போகிறது. மேடையில் ஐந்து மணி நேரக் கணக்கு உண்டு. வீட்டில் நடக்கும் பயிற்சிக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

கிட்டப்பா இறந்தபோது அவரை மணந்திருந்த கே. பி. சுந்தராம்பாளுக்கு வயது 25. அவரும் பசிக்காக ரயிலில் பாடிய குழந்தைதான். வெள்ளைச் சேலை உடுத்தி மேடையை விட்டு ஒதுங்கியவரை, இரண்டே வருடத்தில் ‘நந்தனார்’ படத்துக்காக ஒரு லட்சம் ரூபாய் தேடி வந்தது. அந்தப் பணத்தையும் அதற்கு அவர் போட்ட நிபந்தனைகளையும் அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)