குறும்படங்களும் இயற்பியல் கற்பித்தலும்: டகோமா பாலக் காட்சியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இயற்பியல் கருத்துகளைப் படங்களின் வழியே கற்பிக்கும் முயற்சி 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் திட்டமிட்ட வடிவம் பெற்றது. அது இருபது நிமிடத் திரைப்படத்திலிருந்து நான்கு நிமிடப் படச்சுருளாகவும், பின்னர் இணையக் காணொலியாகவும் மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. டகோமா நேரோஸ் பாலம் இடிந்து விழுந்த காட்சி பொருந்தாத விளக்கத்துடன் பல பத்தாண்டுகள் வகுப்பறைகளில் புழங்கியது. இதனைச் சான்றாகக் கொண்டு, காட்சியின் தெளிவும் கருத்தின் தெளிவும் ஒன்றாகா என்பதைக் கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: இயற்பியல் கற்பித்தல், குறும்படம், படச்சுருள், ஒத்ததிர்வு, முன்கருத்து, காணொலி.

முன்னுரை

கற்பித்தலுக்குரிய குறுங்காணொலி இணையத்தின் வரவால் பிறந்த புதுமை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. எனினும், ஒரே கருத்தைச் சில நிமிடங்களுக்குள் காட்டும் இயற்பியல் படங்கள் 1960களிலேயே வகுப்பறைக்கு வந்துவிட்டன. அவற்றின் பயனும் குறையும் அப்போதே வெளிப்படத் தொடங்கின. தமிழ்நாட்டின் பாடநூல்களும் இன்று காணொலிகளைத் துணைக்கொண்டுள்ள நிலையில், அம்முந்தைய பட்டறிவை மீள நோக்குவது தேவையாகிறது.

திரைப்படத்திலிருந்து தொடங்கிய பாடத்திட்டம்

1956 மார்ச்சில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியலாளர் ஜெரோல்டு சகரையாஸ், அக்கழகத் தலைவர் ஜேம்ஸ் கில்லியனுக்கு ஒரு குறிப்பை அனுப்பினார். உயர்நிலைப் பள்ளி இயற்பியலைக் கற்பிக்க ஒவ்வொன்றும் இருபது நிமிடம் ஓடும் தொண்ணூறு படங்களைத் தயாரிக்கலாம் என்பது அதன் கருத்து. அதே ஆண்டில் இயற்பியல் அறிவியல் ஆய்வுக் குழு உருவாயிற்று. தேசிய அறிவியல் நிறுவனம் அதற்கு நிதி வழங்கியது. அமெரிக்க அறிவியல் கல்விச் சீர்திருத்தம் ஸ்புட்னிக்கின் விளைவு என்று கூறப்படுவதுண்டு. ஸ்புட்னிக் ஏவப்பட்டதோ 1957 அக்டோபரில். ஆகவே அந்நிகழ்வு முன்பே தொடங்கிய முயற்சிக்கு வேகம் சேர்த்தது என்பதே பொருத்தமாகும்.

இக்குழுவின் பாடநூல் 1960இல் வெளிவந்தது. சிந்தனை படத்தில் தொடங்கிப் பின்னரே நூலுக்கும் ஆய்வகக் கருவிகளுக்கும் விரிந்தது என்பது கவனிக்கத்தக்கது. பள்ளி ஆய்வகத்தில் செய்ய இயலாத சோதனைகளைத் தேர்ந்த இயற்பியலாளர்களே செய்துகாட்ட, மாணவர் அதனைக் காண வேண்டும் என்பது இதன் அடிப்படை நோக்கமாக இருந்தது.

அவ்வாறு உருவான படங்களுள் பெரிதும் அறியப்பட்டது, குறிப்பாயங்களைப் பற்றி 1960இல் வெளிவந்த படமாகும். டொரொண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன் ஹ்யூம், டொனால்டு ஐவி ஆகிய இருவரும் இதில் தோன்றுகின்றனர். தொடக்கத்தில் ஒருவர் தலைகீழாகத் தெரிகிறார். தலைகீழாக இருப்பவர் யார் என்பதே இருவருக்கும் வழக்காகிறது. பின்னர் சுழலும் மேடையில் உராய்வின்றி நழுவும் வட்டு ஒன்று காட்டப்படுகிறது. வெளியில் நிற்கும் ஒளிப்படக் கருவிக்கு அதன் பாதை நேர்கோடாகவும், மேடையுடன் சேர்ந்து சுழலும் கருவிக்கு அதே பாதை வளைகோடாகவும் தெரிகின்றது. நூலில் பல பக்கங்கள் வேண்டும் கருத்தைக் கருவியின் இடமாற்றமே உணர்த்திவிடுகிறது.

எனினும் இத்தகைய படங்களுக்கு 16 மி.மீ. படவீழ்த்தி, இருட்டறை, படச்சுருளைப் பொருத்தத் தெரிந்தவர் ஆகியவை தேவைப்பட்டன. படம் ஓடும்வரை ஆசிரியரும் மாணவரோடு பார்வையாளராக அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. பாடவேளையின் பெரும்பகுதியைப் படமே எடுத்துக்கொண்டது.

நான்கு நிமிடச் சுருள்

1960களின் தொடக்கத்தில் டெக்னிகலர் நிறுவனம் 8 மி.மீ. படத்தை ஒரு நெகிழிப் பேழைக்குள் முடிவற்ற சுருளாக அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேழையைப் படவீழ்த்திக்குள் செருகினால் போதும். படம் ஓடத் தொடங்கும். ஏறத்தாழ நான்கு நிமிடங்களுக்குப் பின் அதுவே மீண்டும் முதலிலிருந்து ஓடும். இப்படங்களுக்கு ஒலி இல்லை.

கென்யன் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் பிராங்க்ளின் மில்லர் இவ்வடிவத்தைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர். ஒரு படத்திற்கு ஒரு கருத்து என்பது அவர் கைக்கொண்ட நெறி. ஒலியின்மை இங்குக் குறையாக அமையவில்லை. காட்சியைத் திரை தர, விளக்கத்தை ஆசிரியர் தந்தார். மாணவரிடம் வினா எழுப்பவும், படத்தை மீண்டும் ஓட்டவும் அவரால் இயன்றது. ஹார்வர்டு இயற்பியல் திட்டம் இதனை மேலும் விரித்து, திரையில் விழும் காட்சியைத் தாளில் குறித்து அளவெடுக்கும் பயிற்சிகளை உருவாக்கியது. அவ்வகையில் படம் தரவாகவும் பயன்பட்டது.

டகோமா பாலக் காட்சி

மில்லர் வெளியிட்ட சுருள்களுள் பெரும்புகழ் பெற்றது டகோமா நேரோஸ் பாலத்தின் வீழ்ச்சியாகும். வாஷிங்டன் மாநிலத்தில் 853 மீட்டர் நடுவீச்சுடன் அமைந்த அத்தொங்கு பாலம் 1940 ஜூலை 1இல் திறக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் 7இல் இடிந்தது. அன்று காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 68 கிலோமீட்டர். பாலத்தின் தளம் நடுக்கோட்டை அச்சாகக் கொண்டு இருபுறமும் முறுகி ஆடி, இறுதியில் நீரில் விழுந்தது. டகோமாவில் ஒளிப்படக் கருவிக் கடை நடத்திவந்த பார்னி எலியட் இதனைப் படமாக்கினார்.

எஃகும் கற்காரையும் துணிபோல் நெளிவதைக் கண்ட மாணவர் அக்காட்சியை மறப்பதில்லை. பாடநூல்கள் பலவும் இதனை ஒத்ததிர்வுக்கு எடுத்துக்காட்டாக வைத்தன. ஊஞ்சலை அதன் இயல்பான அலைவுக்கு ஏற்பத் தள்ளினால் வீச்சு பெருகுவதுபோல, காற்றின் அதிர்வெண் பாலத்தின் இயல் அதிர்வெண்ணோடு பொருந்தியதால் பாலம் இடிந்தது என்பதே அவற்றின் விளக்கம். காட்சியும் விளக்கமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதுபோல் தோன்றின.

விளக்கத்தில் நேர்ந்த பிழை

1991இல் யூசுப் பில்லா, ராபர்ட் ஸ்கேன்லன் ஆகியோர் அமெரிக்க இயற்பியல் இதழில் வெளியிட்ட கட்டுரை இவ்விளக்கத்தை மறுத்தது. ஒத்ததிர்வு நிகழ, பாலத்தின் அசைவைச் சாராமல் வெளியிலிருந்து குறித்த அதிர்வெண்ணில் செயல்படும் விசை வேண்டும். அன்று வீசியதோ ஏறத்தாழச் சீரான காற்று. தளத்தின் பின்புறம் தோன்றும் காற்றுச் சுழல்கள் அத்தகைய விசையைத் தந்திருக்கலாம் எனக் கொண்டாலும், அவற்றின் அதிர்வெண் ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸாகவும், பாலத்தின் முறுக்கு அதிர்வெண் 0.2 ஹெர்ட்ஸாகவும் இருந்தன. ஐந்து மடங்கு வேறுபாடுள்ள இவ்விரண்டும் பொருந்த வழியில்லை.

உண்மையில் நிகழ்ந்தது தற்கிளர்ச்சி அதிர்வாகும். தளம் சற்றே முறுகியபோது காற்று அதன்மீது செலுத்திய விசை மாறியது; அவ்விசை மேலும் முறுகலைத் தூண்டியது. தளத்தின் அசைவே தன்னை இயக்கும் விசையைத் தோற்றுவித்தது. ஒவ்வோர் அலைவிலும் தடையுறலால் இழந்த ஆற்றலைவிடக் காற்றிலிருந்து பெற்ற ஆற்றல் மிகுதியானதால் வீச்சு பெருகியது. ஊஞ்சல் உவமை இதற்குப் பொருந்தாது.

இம்மறுப்பின் அடிப்படை புதிதன்று. விபத்தை ஆராய்ந்த ஆமன், வான் கார்மன், உட்ரஃப் ஆகியோரின் 1941ஆம் ஆண்டு அறிக்கையே சுழல்களோடு நேர்ந்த ஒத்ததிர்வு காரணமாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று கருதியிருந்தது. பொறியாளர் அறிந்திருந்த உண்மை இயற்பியல் வகுப்பறைக்கு வந்துசேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

காட்சியும் முழுமையாக நம்பத்தக்கதாக இருக்கவில்லை. வினாடிக்கு 16 சட்டங்கள் வீதம் எடுக்கப்பட்ட படம் 24 சட்டங்கள் வீதம் ஓடும் வடிவத்திற்கு மாற்றப்பட்டதால், பாலம் உண்மையைவிட ஒன்றரை மடங்கு வேகமாக ஆடுவதாகத் தெரிந்தது என 2015இல் வெளியான ஓர் ஆய்வு சுட்டியது. நிமிடத்திற்கு 12 முறை ஆடிய பாலம் திரையில் 18 முறை ஆடியது. படத்தைத் தரவாகக் கொண்டு அளவெடுத்த மாணவர் எவ்வளவு கவனமாக அளந்தாலும் தவறான விடையையே பெற்றிருப்பர்.

தெளிவு தரும் மயக்கம்

டகோமா காட்சியில் பிழை பாடநூலின் பக்கம் இருந்தது. காட்டப்படும் விளக்கம் சரியாக இருந்தாலும் மாணவர் அதனைப் பெற்றுக்கொள்கிறாரா என்பது அடுத்த வினா. மேலே எறியப்பட்ட நாணயத்தின்மீது செயல்படும் விசைகள் யாவை என ஜான் கிளமெண்ட் தம் ஆய்வில் (1982) மாணவரிடம் வினவினார். நாணயம் மேலே செல்லும்வரை மேல்நோக்கிய விசையொன்று இருக்கிறது எனப் பெரும்பாலோர் கருதினர். கை விட்டபின் நாணயத்தின்மீது, காற்றுத் தடையை விலக்கினால், ஈர்ப்பு விசை மட்டுமே செயல்படுகிறது. இயக்கம் இருந்தால் அதே திசையில் விசையும் இருக்கும் என்னும் முன்கருத்து பாடம் முடிந்த பின்னும் மாறாமல் நின்றது.

சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரிக் முல்லர் மேற்கொண்டு 2008இல் நிறைவுசெய்த முனைவர் பட்ட ஆய்வு இதனைக் காணொலியோடு இணைத்து நோக்கியது. நியூட்டனின் விதிகளைத் தெளிவாக விளக்கும் காணொலியை ஒரு குழுவினரும், மாணவரின் தவறான எண்ணங்களை முதலில் எடுத்துக்கூறி அவற்றை விவாதிக்கும் காணொலியை மற்றொரு குழுவினரும் கண்டனர். முதல் வகையைக் கண்டவர்கள் அது தெளிவாக இருந்ததாகக் கூறினர். ஆயினும் அவர்தம் தேர்வு மதிப்பெண் பெரிதும் உயரவில்லை. தாம் முன்பே நம்பியதையே காணொலியும் கூறியதாக அவர்களுட் சிலர் எண்ணினர். இரண்டாம் வகையைக் கண்டவர்கள் மிகுதியாக மனமுயற்சி செய்ய வேண்டியிருந்தது. கற்றதும் அவர்களே மிகுதி. எளிதாகப் புரிந்தது என்னும் உணர்வு கற்றலுக்குச் சான்றாகாது என்பது இதனால் பெறப்படும்.

நீளம் பற்றிய வினா

இன்றைய விவாதங்கள் பெரும்பாலும் காணொலியின் நீளத்தைச் சுற்றியே அமைகின்றன. எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் காணொலிப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, காணொலி எவ்வளவு நீண்டாலும் மாணவர் ஈடுபடும் இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை எனக் கண்டது. நான்கு நிமிடச் சுருளைப் பயன்படுத்திய ஆசிரியர்களின் தேர்வோடு இது ஒத்துப்போகிறது. ஆயினும் அவ்வாய்வு அளந்தது பார்த்த நேரத்தை. கற்ற அளவை அன்று.

தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. காணொலி மாணவரின் கைக்கு எட்டுவது என்னும் சிக்கல் இவற்றால் பெருமளவு குறைந்தது. இனி எழவேண்டிய வினா, தமிழ் மாணவர் விசை, வெப்பம், மின்னோட்டம் ஆகியவை குறித்து எத்தகைய முன்கருத்துகளோடு வருகின்றனர் என்பதாகும். அன்றாடப் பேச்சில் விசை, வேகம், பலம் ஆகிய சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குவது இவ்வாய்வுக்குத் தக்க தொடக்கமாக அமையக்கூடும்.

முடிவுரை

இயற்பியல் படங்கள் குறுகக் குறுக, ஆசிரியருக்கு அவற்றைக் கையாளும் உரிமை பெருகியது. டகோமா சுருளின் வரலாறு, காட்சி தன் காரணத்தைத் தானே உரைப்பதில்லை என்பதையும், அதனோடு இணைக்கப்படும் விளக்கம் காட்சியின் வலிமையாலேயே ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகிவிடும் என்பதையும் காட்டுகிறது. முல்லரின் ஆய்வு, சரியான விளக்கமும் முன்கருத்தை எதிர்கொள்ளாதபோது பயன்படாமற் போவதை உணர்த்துகிறது. ஆகவே ஒரு காணொலியை மதிப்பிடும்போது அதன் நீளத்தையும் தெளிவையும் கருதுவதோடு, அது மாணவரின் எந்த எண்ணத்தை வினாவுக்கு உட்படுத்துகிறது என்பதையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். ஒலியற்ற சுருளின் அருகில் நின்று வினா எழுப்பிய ஆசிரியரின் இடம் காணொலிக் காலத்திலும் நிரப்பப்பட வேண்டியதாகவே உள்ளது.